கடலுக்குள் எத்தனை மீன்?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது என் தந்தையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பது அனைவரும் அறிந்ததே. எங்களுடையது சிறிய ஃபைபர் படகு, அதற்குத் தடையில்லை. என்றாலும் அன்று காற்று மிகுந்திருந்ததால் அவர் கடலுக்குப் போகாமல் வலை பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "எலே, நீ மீனப் பத்தித்தான படிக்க? கடலுக்குள்ள எத்தன மீன் கெடக்குன்னு கரையில இருந்துக்கிட்டு எவன்லே எண்ணுனான்?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. சுறாவின் மூளை நரம்புகளை வரைந்து பெயர் குறிக்கச் சொன்னால் குறித்துவிடுவேன். மீனின் செதில்கள் எத்தனை வகை என்றாலும் சொல்லிவிடுவேன். ஆனால் நான் சொல்லத் தெரிந்த எதையும் அவர் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அவர் கேள்வியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. துறை நூலகத்திலும் ஆசிரியர்களிடத்திலும் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன். இது பாடத்திட்டத்தில் இல்லை, தேர்விலும் வராது. அதற்காக நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாதிருக்க வேண்டுகிறேன்.

டார்வினின் கொள்கைக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியை நாம் அறிவோம். 1883ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் அவர் பேசினார். காட், ஹெர்ரிங், கானாங்கெளுத்தி முதலிய பெருங்கடல் மீன்வளங்கள் வற்றாதவை. அன்றைய மீன்பிடி முறைகளைக் கொண்டு நாம் எவ்வளவு பிடித்தாலும் அவற்றின் தொகையைக் குறைத்துவிட முடியாது என்பதே அவர் கருத்து. அன்றைய பாய்மரப் படகுகளையும் தூண்டில்களையும் எண்ணிப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய பிழையென்று சொல்ல முடியாது. அவர் குறிப்பிட்ட அதே காட் மீனுக்கு 109 ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்ததைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

முதலில் எண்ணும் முறைகளைக் காண்போம்.

ஆட்டு மந்தையை எண்ணலாம். காட்டிலுள்ள மரத்தையும் எண்ணலாம். மீன் நம் கண்ணுக்குத் தெரியாது, ஓரிடத்தில் நிற்பதுமில்லை. ஆகையால் அதை நேரே எண்ணாமல் மூன்று வழிகளில் சுற்றி வளைத்து அறிகிறார்கள்.

ஒன்று, ஆய்வுக் கப்பல். கடலை ஆழத்திற்கேற்பப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டுக் குலுக்குவது போல் சில இடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், ஒரே அளவு வலையை, ஒரே வேகத்தில், ஒரே நேரம் இழுக்கிறார்கள். மீன் இருக்கும் இடமாகப் பார்த்து வலை விடக் கூடாது என்பதே இதன் உயிர்நாடி. இதை நான் விளக்கியபோது என் தந்தையார் சிரித்துவிட்டார். மீனில்லாத இடத்தில் வேண்டுமென்றே வலைவிடும் ஒருவரை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது, மீனவர்களின் பாடு. ஒரு படகு ஒரு நாள், அல்லது ஒரு மணி நேரம் இழுத்தால் எவ்வளவு கிடைக்கிறது என்ற கணக்கு. முயற்சி அதேதான், மீன் மட்டும் குறைகிறது என்றால், கடலில் இருப்பும் குறைகிறது என்பது இதன் அடிப்படை. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. இதில் ஒளிந்திருக்கும் பொறியைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, வயது. மீனின் தலைக்குள், உட்செவியில், சுண்ணாம்பாலான சிறு கற்கள் உள்ளன, செவிக்கல் என்பர். குளிர்ந்த கடல்களில் கோடையில் மீன் விரைந்தும் பனிக்காலத்தில் மெல்லவும் வளர்வதால், மரத்தில் ஆண்டு வளையம் விழுவது போல் இக்கல்லிலும் வளையங்கள் விழுகின்றன. கல்லை உடைத்து உருப்பெருக்கியின் கீழ் எண்ணினால் வயது தெரிந்துவிடும். நம் வெப்பக் கடல் மீன்களில் இவ்வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. ஆகவே இங்கே ஆயிரக்கணக்கான மீன்களின் நீளத்தை மாதந்தோறும் அளந்து, அதிலிருந்து வளர்ச்சியையும் வயதையும் கணிக்கிறார்கள். சிறுவயதில் எங்கள் ஊர் ஏலக்கூடத்துக்கு ஒருவர் அளவுகோலும் குறிப்பேடுமாக வருவார். வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். அவரை நாங்கள் 'ஸ்கேல் சார்' என்று கேலி செய்வோம். 1947இல் தொடங்கப்பட்டு இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், நாடெங்கும் மீன் இறங்கு தளங்களில் இப்படி மாதிரிக் கணக்கு எடுக்கிறது என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன்.

வயது தெரிந்தால் என்ன பயன்? இங்கேதான் கணிதம் வருகிறது. காட் மீனில் மூன்று வயதுக் குஞ்சுகள் 1000 இருப்பதாகக் கொள்வோம். மீன்பிடிப்பே இல்லாவிட்டாலும் பெரிய மீனுக்கும் நோய்க்கும் இரையாகி ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு சாகும் என்பது பல காலம் கொள்ளப்பட்ட கணக்கு. அப்படியானால் எட்டு வயதை எட்டுபவை 368. இயற்கைச் சாவுக்குச் சமமான அளவு மனிதனும் பிடித்தால் 135 எஞ்சும். அதைப் போல் மூன்று பங்கு வேகத்தில் பிடித்தால்? 18. காட் முட்டையிடத் தொடங்குவது ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு வயதில். வேகம் மூன்று பங்கானால், முட்டையிட மிஞ்சும் மீன் மூன்றில் ஒன்றாகக் குறைவதில்லை. ஏழில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது தவறிவிட்டேனோ என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

இதைத் தலைகீழாகவும் போடலாம். எங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்கிறேன். சேர்க்கைப் பதிவேடு தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இறுதியில் பட்டம் வாங்கியவர்கள், இடையில் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள், மணமாகிப் படிப்பை நிறுத்திய தோழியர், மாறுதல் வாங்கிப் போனவர்கள் ஆகிய எல்லோரையும் கூட்டினால் சேர்ந்தவர் தொகை வந்துவிடும். மீனிலும் அப்படியே. ஓர் ஆண்டில் பிறந்த மீன்களுள் ஆண்டு ஆண்டாகப் பிடிபட்டவற்றையும், தாமாகச் செத்திருக்கக்கூடியவற்றையும் பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே போனால் தொடக்கத்தில் எத்தனை இருந்தன என்று தெரியும். 1960களில் ஜான் கல்லண்ட் முதலியோர் வடிவமைத்த முறை இது.

இதன் குறையும் அந்த உவமையிலேயே இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் படிப்பை முடித்த வகுப்பைப் பற்றித் திருத்தமாகச் சொல்லலாம். இன்று படித்துக்கொண்டிருக்கும் வகுப்பைப் பற்றி? யார் நிற்பார், யார் போவார் என்பது இனிமேல்தானே தெரியும். மீன் கணக்கிலும் பழைய ஆண்டுகள் தெளிவாக இருக்கும். நமக்கு வேண்டிய நடப்பாண்டுதான் மங்கலாக இருக்கும். அந்த மங்கலைத் தெளிவிக்க முன்சொன்ன ஆய்வுக் கப்பலையும் பாட்டுக் கணக்கையும் துணைக்கு அழைக்கிறார்கள். துணைகள் இரண்டும் ஒரே சொல் சொன்னால் தொல்லையில்லை. வேறு வேறு சொன்னால் என்ன செய்வது?

கனடா நாட்டின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்து என்றொரு பெருந்தீவு இருக்கிறது. அதன் வடகிழக்கிலும் லாப்ரடார் கரையோரத்திலும் வாழும் காட் கூட்டத்தை 'வடக்குக் காட்' என்பர். 1497இல் ஜான் கேபட் அங்கே போனபோது கூடையில் கல்லைக் கட்டி இறக்கியே மீனை அள்ளினார்கள் என்று சொல்லப்பட்டது. அதன்பின் ஐரோப்பாவின் பல நாட்டார் பல நூற்றாண்டுகள் அங்கே பிடித்தார்கள், மீன் தாக்குப்பிடித்தது. 1950களில் நிலை மாறியது. பிடித்த மீனைக் கப்பலிலேயே அறுத்து உறையவைக்கும் பெரிய ஆலைக் கப்பல்கள் வந்தன. அக்கப்பல்கள் பனிக்காலத்தில், மீன் முட்டையிடத் திரளும் ஆழ்பகுதியிலேயே போய் இழுத்தன. 1968இல் மட்டும் ஏறத்தாழ 8,10,000 டன். பத்து ஆண்டுகளுக்குள் அது 1,40,000 டன்னாக இறங்கிவிட்டது.

1977 ஜனவரி முதல் நாள் கனடா தன் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை தன் ஆட்சிக்குட்பட்டது என்று அறிவித்து அயல்நாட்டுக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை வெளியேற்றியது. இனி அறிவியலின்படியே மீன்பிடிப்பு நடக்கும் என்றார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிப்பதில்லை என்பது இலக்கு. எச்சரிக்கையான இலக்குதான், ஐயமில்லை. ஆனால் எதில் ஐந்தில் ஒரு பங்கு? மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே பங்கு பிரிக்க முடியும்?

1980களில் இரு துணைகளும் இரு வேறு சொல் சொல்லத் தொடங்கின. ஆய்வுக் கப்பலின் கணக்கு, மீன் பெருகவில்லை என்றது. பெரிய இழுவைக் கப்பல்களின் பாட்டுக் கணக்கோ ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. ஆய்வுக் கணக்கு ஓராண்டு ஏறும், மறு ஆண்டு இறங்கும். 1986இல் திடீரென மிக உயர்ந்த எண் ஒன்றும் வந்து விழுந்தது. கப்பல்களின் கணக்கு மேடு பள்ளம் இல்லாமல் அழகாக இருந்தது. அறிவியலாளர் இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். செய்முறை வகுப்பில் இரண்டு அளவு ஒத்துவராவிட்டால் சராசரி எடுத்து எழுதிவிடுவதுதானே நம் வழக்கம்!

இப்போது அந்தப் பொறியைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு குளம் உண்டு. சித்திரையில் வற்றி நடுவே ஒரு குட்டையாக நிற்கும். அப்போது போனால் சிறுவர்கள்கூடச் சேற்றில் கைவிட்டு அரை மணியில் ஒரு கூடை மீன் பிடித்துவிடலாம். மழைக்காலத்தில் குளம் நிறைந்திருக்கும்போது அத்தனை கிடைக்காது. கையில் கிடைத்ததை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், சித்திரையில்தான் குளத்தில் மீன் அதிகம் என்று முடிவாகும்! வடக்குக் காட்டும் அப்படித்தான் நடந்துகொண்டது. தொகை குறையக் குறைய அது பரந்த கடல் முழுவதும் சிதறி நிற்காமல், சில இடங்களில் நெருங்கித் திரண்டது. இழுவைக் கப்பல்களிடம் ஒலியால் மீனைக் கண்டறியும் கருவிகள் இருந்தன; அவை ஆண்டுதோறும் மேம்பட்டன; மாலுமிகளும் இடங்களைப் பழகிக்கொண்டார்கள். நேராக அத்திரளின் மேல் போய் வலை விட்டால் பாடு எப்படிக் குறையும்? குளம் வற்றுவதை அவர்களுடைய கணக்கு காட்டவில்லை.

காட்டியவர்கள் வேறு சிலர். நியூஃபவுண்ட்லாந்தின் சிற்றூர்களில் கரையோரம் சிறுபடகில் கூண்டுவலை போட்டுப் பிழைப்போர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். கேப்பலின் என்னும் சிறு மீன் கோடையில் முட்டையிடக் கரைக்கு வரும். அதை இரையாகத் துரத்தி வரும் காட் மீனைத்தான் இவர்கள் பிடிப்பார்கள். கப்பல்போல் மீனைத் தேடிப்போக இவர்களால் முடியாது; வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. 1982க்குப் பின் மீன் வரத்து குறைந்தது, வந்ததும் சிறுத்திருந்தது. அவர்கள் முறையிட்டார்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கிறது, அதனால் மீன் கரைக்கு வரவில்லை, ஆழ்கடலில் நிறைய இருக்கிறது என்று விடை கிடைத்தது. கரையோர மீனவர் சங்கம் 1986இல் தன் செலவில் பல்கலைக்கழக உயிரியலாளர்களைக் கொண்டு அரசின் கணக்கை ஆராயச் செய்தது. இருப்பு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். சங்கத்தின் தேவைக்காக எழுதப்பட்டது என்று அது ஒதுக்கப்பட்டது. 1988இல் அனுமதிக்கப்பட்ட அளவு 2,66,000 டன்.

1989 தொடக்கத்தில் அரசின் அறிவியலாளர்களே கணக்கை மீண்டும் போட்டார்கள். நான் சொன்ன வகுப்பு உவமையை நினைவில் கொள்க: சில ஆண்டுகள் கழிந்துவிட்டதால் 1980களின் நடுப்பகுதி இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஐந்தில் ஒரு பங்கு என்று எண்ணிப் பிடித்தது உண்மையில் அதைப் போல் இருமடங்குக்கும் மேல்! இலக்கின்படி நடந்தால் 1,25,000 டன்னோடு நிறுத்த வேண்டும் என்று கணக்கு சொன்னது. அப்படி ஒரேயடியாகக் குறைத்தால் ஆலைகள் மூடப்படும், ஊர்கள் பட்டினி கிடக்கும் என்று அஞ்சிய அமைச்சர் 2,35,000 டன் என்று வைத்தார். அவரைக் குறை சொல்வது எளிது. எங்கள் ஊரில் ஒரு வாரம் பாடு இல்லையென்றால் கடைத்தெரு என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்த எனக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல வரவில்லை. ஆனால் மீனுக்கு அந்த இரக்கம் தெரியாதே!

1992 ஜூலை 2. அமைச்சர் ஜான் கிராஸ்பி செயின்ட் ஜான்ஸ் நகரில் வடக்குக் காட் மீன்பிடிப்புக்கு இரண்டாண்டுத் தடை அறிவித்தார். வெளியே நின்ற மீனவர்கள் கதவை உடைக்க முயன்றனர். அதற்கு முந்தைய நாள் தம்மைச் சூழ்ந்து கேள்வி கேட்டவர்களிடம், மீனைக் கடலிலிருந்து எடுத்தவன் தான் இல்லை என்று அவர் சினந்து சொன்னது இன்றும் அங்கே பேசப்படுகிறது. ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தார்கள். அந்நாட்டு வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பிய அறிவிப்பு அதற்கு முன் இல்லை என்பர். முட்டையிடும் மீனின் தொகை, 1960களில் இருந்ததோடு ஒப்பிட நூற்றில் ஒன்றிரண்டு பங்காகக் குறைந்துபோயிருந்தது.

கடல் குளிர்ந்ததே காரணம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். ஜெஃப்ரி ஹட்சிங்ஸ், ரான்சம் மையர்ஸ் என்னும் இருவர் 1994இல் பழைய பதிவுகளை ஆராய்ந்து, இதைவிடக் குளிர்ந்த காலங்களிலும் இம்மீன் வாழ்ந்திருக்கிறது, அழித்தது மிகைப்பிடிப்பே என்று எழுதினார்கள். இந்த வாதத்தில் என் மனம் இவர்கள் பக்கமே சாய்கிறது. ஆயினும் 1990களில் இயற்கைச் சாவும் உயர்ந்திருக்கலாம் என்று பின்வந்தோர் காட்டுவதை ஒதுக்க முடியவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு என்று பல்லாண்டுகளாக மாறாத எண்ணாக வைத்திருந்ததும் ஒரு நம்பிக்கைதானே தவிர அளவு அன்று.

இரண்டாண்டுத் தடை எத்தனை ஆண்டு நீண்டது தெரியுமா? முப்பத்திரண்டு. இடையிடையே கரையோரத்தில் சிறிதளவு பிடிக்க விட்டார்கள். 2024 ஜூன் 26 அன்றுதான் தடை முடிந்ததாக அறிவித்து 18,000 டன்னுக்கு அனுமதி தந்தார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கனடாவில் மீன் இருப்பின் நலத்தை ஆபத்தான நிலை, எச்சரிக்கை நிலை, நலமான நிலை என மூன்றாக வகுக்கிறார்கள். 2023இல் 1954 வரை பின்னோக்கிப் போகும் பழைய தரவுகளைச் சேர்த்துக் கணக்கு முறையைத் திருத்தியபோது, ஆபத்துக்கும் எச்சரிக்கைக்கும் இடையிலான எல்லைக்கோடே கீழே இறங்கிவிட்டது. 'ஆபத்து' என்று எழுதப்பட்டிருந்த மீன் 2016 முதலே 'எச்சரிக்கை' நிலையில் இருந்திருக்கிறது என்றாயிற்று. தேர்ச்சி மதிப்பெண்ணை 40இலிருந்து 35 ஆக்கினால் சிலர் தேறுவது போல என்று நகையாடத் தோன்றும். ஆனால் பழைய வினாத்தாள்களை எல்லாம் மறுபடியும் திருத்திப் பார்த்துத்தான் 35 என்று வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எது சரி என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை.

நம் நாட்டிலும் இக்கணக்கு எடுக்கிறார்கள். 2022இல் 135 மீன் இருப்புகளை ஆராய்ந்து அவற்றுள் 91.1 விழுக்காடு நலமாயிருப்பதாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அறிவித்தது. இதைத் தந்தையாரிடம் சொன்னேன். "அப்பம் எண்ணெய்க் கணக்கு ஏன் ஏறுது?" என்றார். விலை ஏறியிருக்கிறது என்றேன். "வெலையச் சொல்லல. லிட்டரச் சொல்லுதேன்" என்றார்.

அன்றிரவு நியூஃபவுண்ட்லாந்துக் கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன். கூண்டுவலைக்காரர்கள் சொன்னது ஒதுக்கப்பட்ட இடம் வந்ததும் வலை பொத்துவதை நிறுத்தினார். "வாயால சொன்னாங்களா, எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். முதலில் வாயால்தான் சொன்னார்கள், பிறகு எழுதிக் கொடுத்தார்கள் என்றேன்.

அவருக்கு எழுதத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த என் தாயார், வியாபாரியிடம் கணக்குத் தீர்ப்பதற்காக 2011 முதல் நோட்டு எழுதி வருகிறார்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம் ஓடினது, எத்தனை லிட்டர், என்ன மீன், எத்தனை கிலோ என்று அவர் சொல்லச் சொல்ல எழுதியது. மொத்தம் மூன்று நோட்டுகள். முயற்சியும் பாடும் ஒரே வரியில் இருக்கிற இப்படியொரு பதிவு எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததை நான் இத்தனை நாள் அறியவில்லை.

அதைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் நோட்டு முடிந்துவிட்டது; இரண்டாவதில் பாதி. இதுவரை போட்ட பட்டியலில் ஒரு நாள் பாட்டின் கிலோ பெரிதாகக் குறையவில்லை. லிட்டர் மட்டும் ஏறியிருக்கிறது. இது எங்கள் ஒரு படகின் கணக்கு. வலையையும் இயந்திரத்தையும் இடையில் மாற்றியிருக்கிறோம். ஆகவே இதை வைத்து எதையும் முடிவுகட்ட எனக்குத் துணிவில்லை. எங்கள் துறைத் தலைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் படகுக்காரர்கள் வீட்டிலும் இப்படி நோட்டு இருக்கிறதா என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது நோட்டில் சில பக்கங்கள் உப்புத் தண்ணீர் பட்டு ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றைக் கிழியாமல் பிரிக்க வேண்டும்.